ஆச்சி கேட்ட பறவைச் சத்தம்

அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு மேற்கு என்றால் மலைதான். மழை வருமா, ஆற்றில் தண்ணீர் கூடுமா என்று யார் கேட்டாலும் முதலில் அந்தப் பக்கம்தான் தலை திரும்பும். பாபநாசத்துக்கு மேலே, மேகம் விலகுகிற நாளில் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் அகத்தியர் மலையைப் பற்றி எங்களிடம் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. கயிலாயத்தில் சிவன் கல்யாணத்துக்குக் கூட்டம் கூடியதில் வடக்கு தாழ்ந்துவிட்டது. பூமியைச் சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள் என்பது எல்லா ஆச்சிகளும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை.

அதே மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. இது புராணம் இல்லை, நடந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரவுன் 1852 முதல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வு நிலையத்தைக் கவனித்துவந்தார். 1855-ல் அவர் அகத்தியர் மலை உச்சியில், ஆறாயிரம் அடிக்கு மேலே, ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். யானைக் காடு, அட்டை, ஓயாத காற்று, மாதக்கணக்கில் மழை. அங்கே அவர் பார்த்தது நட்சத்திரத்தை அல்ல, காந்த ஊசியை. காந்த ஊசி சும்மா வடக்கைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு நாளுக்குள்ளேயே மிக மிகச் சிறிதாக அசையும். அந்த அசைவு கடற்கரையில் இருப்பதுபோலத்தான் மலை உச்சியிலும் இருக்கிறதா என்று அறிவதுதான் அவர் நோக்கம்.

பூமியின் காந்த விசை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கிறது என்றும், அதில் சூரியன் தன்னைத்தானே சுற்றும் கணக்கை ஒட்டிய சுமார் 26 நாள் தாளம் ஒன்று இருக்கிறது என்றும் பிரவுன் கண்டார். சூரியனில் ஏதோ நடக்கிறது, நம் ஊர் ஊசி ஆடுகிறது. இன்றைக்கு ‘விண்வெளி வானிலை’ என்று சொல்கிறார்களே, அந்தப் படிப்புக்கு எங்கள் மலை ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது.

ஐம்பது வருஷமாக அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இதைச் சொன்னது என் அக்கா மகள்.

கவுன்சலிங் நேரத்தில் ஒரு குண்டு

2024 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மதிப்பெண். வீடு முழுக்க சந்தோஷம். அதே வாரம், மே 10-ம் தேதி இரவு, சூரியனிலிருந்து கிளம்பிய பெரிய புயல் ஒன்று பூமியின் காந்தப்புலத்தில் வந்து மோதியது. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் வானம் சிவந்த படம் எல்லார் போனிலும் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாம் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. வானம் ஏன் சிவந்தது என்று தேடத் தொடங்கியவள் இரண்டு மாதமாக அதிலேயே கிடந்தாள்.

இன்ஜினியரிங் கவுன்சலிங் நெருங்கும்போது குண்டைப் போட்டாள். “எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். பாளையங்கோட்டையில பி.எஸ்சி. பிசிக்ஸ் சேரப்போறேன். பூமியைச் சுத்தி இருக்க எலெக்ட்ரான் பட்டையைப் பத்திப் படிக்கணும்.”

அத்தானுக்கு அப்பள வியாபாரம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் எடுத்து வெளியூர்க் கடைகளுக்குப் போடுகிறார். நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் அப்பளம் காயாது. அந்த வாரம் காசும் வராது. பெண் இன்ஜினியர் ஆகிவிட்டால் அடுத்து இருக்கும் பையனின் படிப்புக்கு ஒரு கை கிடைக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. நம் ஊரில் முக்கால்வாசி அப்பாக்கள் போடும் கணக்கு அதுதான்.

அக்கா எனக்கு போன் செய்தாள். “நீ வந்து ரெண்டு வார்த்தை சொல்லு. தாய்மாமன் சொன்னா கேப்பா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் என்னோடு வாதம் செய்யவில்லை. போனை எடுத்து ஒரு சத்தத்தைப் போட்டாள். ‘கீச்... க்ரீச்... விய்ங்...’ என்று அடியிலிருந்து மேலேறும் குரல்கள். ஒன்றன் மேல் ஒன்றாக, நூறு குரல்கள்.

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா, அவளுக்கு ஆச்சி, உலக்கையை நிறுத்தினாள். “இது எங்க பிடிச்சது? திருப்புடைமருதூர்லயா?”

எங்கள் பக்கத்து ஊர் அது. ஆற்றங்கரையில் மருத மரங்களும், கொக்கும் நாரையும் அடையும் பறவைகள் காப்பிடமும் அங்கே இருக்கின்றன. விடியற்காலையில் போனால் பேச்சுச் சத்தம் கேட்காது.

“இல்ல ஆச்சி. இது பூமிக்கு மேல இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் உயரத்துல எடுத்தது.”

“அங்க என்னட்டி பறவை?”

அந்தக் கேள்விக்கு அவள் சொன்ன பதிலும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

பறவை இல்லாத பறவைக் கூச்சல்

பூமியைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொண்ட எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் அடைந்து கிடக்கும் கதிர்வீச்சுப் பட்டைகள் அவை. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர்-1 என்ற அந்நாட்டின் முதல் செயற்கைக்கோளில், ஜேம்ஸ் வான் ஆலன் என்ற பேராசிரியர் ஒரு துகள் எண்ணும் கருவியை வைத்து அனுப்பினார். உயரம் கூடியபோது அந்தக் கருவி திடீரென்று பூஜ்யம் காட்டியது. துகளே இல்லையா என்றால், இல்லை. எண்ண முடியாத அளவுக்குத் துகள்கள் வந்து குவிந்ததில் கருவி திணறிவிட்டது. அப்படித்தான் அந்தப் பட்டைகள் தெரியவந்தன. இன்றும் அவற்றுக்கு வான் ஆலன் பெயர்தான்.

உள்பட்டை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. வெளிப்பட்டை பன்னிரண்டாயிரம், பதின்மூன்றாயிரம் கிலோமீட்டரிலிருந்து இன்னும் பல மடங்கு தூரம் விரிந்து கிடக்கிறது. அங்கே இருக்கும் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஓடும், துருவத்தை நெருங்கும்போது காந்தப்புலம் நெருக்கித் திருப்பி அனுப்பும், தெற்கே ஓடும், மறுபடி திரும்பும். ஒரு முறை போய்வர ஒரு நொடியோ அதற்கும் குறைவோதான். அக்கிரகாரத்து வீட்டு ஊஞ்சல் முற்றத்துக்கும் சுவருக்குமாக ஆடுவதுபோல, ஓயாத ஆட்டம்.

இப்போது அந்தப் பறவைச் சத்தம். பட்டைகள் இருக்கும் இடத்தில் இயற்கையாகவே ஒரு வகை மின்காந்த அலை எழுகிறது. அதன் அதிர்வெண் நம் காதுக்கு எட்டும் அளவிலேயே இருப்பதால், அதை ஒலிபெருக்கியில் கொடுத்தால் காலைநேரப் பறவைக் கூச்சல் மாதிரியே கேட்கும். விஞ்ஞானிகளும் அதற்கு ‘கோரஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2012-ல் நாசா அனுப்பிய வான் ஆலன் ஆய்வுக்கலங்கள் இரண்டும் அதைத் துல்லியமாகப் பதிவு செய்தன. இன்னொரு வேடிக்கை, இந்தக் கூச்சல் பூமியின் விடியல் பக்கத்தில்தான் அதிகம். ஆச்சி திருப்புடைமருதூர் என்று கேட்டதில் தப்பே இல்லை.

இந்த அலை எலெக்ட்ரானை என்ன செய்யும்? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். தாளம் பார்த்துத் தள்ளினால் ஊஞ்சல் உயர உயரப் போகும். அப்படித் தள்ளித்தான் சாதாரண எலெக்ட்ரான்களைக் கோரஸ் அலை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோகிறது. அதே தள்ளலில் சில பிள்ளைகள் ஊஞ்சலிலிருந்து கீழே விழுவதும் உண்டு. அப்படிப் பிடி நழுவிய எலெக்ட்ரான்கள் திரும்பாமல் நேரே துருவப் பகுதிக் காற்றுமண்டலத்துக்குள் பாய்கின்றன. கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு கொத்தும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். இதற்கு நுண்வெடிப்பு என்று பெயர் சொல்லலாம். 1960-களிலேயே பலூன்களில் அனுப்பிய கருவிகள், இந்த எலெக்ட்ரான்கள் காற்றில் மோதும்போது எழும் எக்ஸ் கதிர்களைப் பிடித்திருக்கின்றன.

தரையில் இருக்கும் நமக்கு ஆபத்து இல்லை. பல பத்து கிலோமீட்டர் உயரத்திலேயே காற்று அவற்றை நிறுத்திவிடும். ஆனால், அங்கே நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கி ஓசோனைக் கொஞ்சம் தின்னும்.

டிஷ் ஆன்டெனாவும் அத்தானும்

“சரி, விழுது. விழுந்துட்டுப் போகட்டும். நமக்கென்ன?” என்றார் அத்தான். நியாயமான கேள்வி.

நான் மொட்டை மாடியைக் காட்டினேன். அங்கே இருக்கும் டிஷ், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த உயரம் வெளிப்பட்டைக்குள்ளேயே வருகிறது. புயல் நேரத்தில் அங்கே வேகமெடுக்கும் எலெக்ட்ரான்கள் செயற்கைக்கோளின் தகட்டைத் துளைத்து உள்ளே போய், ஒயர் உறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக மின்னூட்டமாகச் சேர்கின்றன. ஒரு நாள் அது உள்ளுக்குள்ளேயே சின்ன மின்னலாக வெட்டும். 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் ஆனிக் செயற்கைக்கோள்கள் இரண்டு இப்படி அடுத்தடுத்துத் திசை இழந்தன. ஒன்று சில மணி நேரத்தில் மீண்டது. இன்னொன்றைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. அந்த நாட்டில் டி.வி.யும் தொலைபேசியும் தவித்துப்போயின.

அப்படியானால் பட்டையில் எலெக்ட்ரான் எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற வரவு செலவு தெரிய வேண்டும். நுண்வெடிப்பு என்பது செலவுக் கணக்கு. அது சின்னச் செலவா, கஜானாவையே காலி செய்யும் செலவா? சில நாளில் வெளிப்பட்டையையே காலி செய்யப் போதும் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. ஆனால் கணக்குக்கு ஓர் அளவு குறைந்தது. ஒரு நுண்வெடிப்பு எவ்வளவு அகலமானது? தெருவளவா, தாலுகா அளவா, மாவட்டம் அளவா?

1992-ல் போன சாம்பெக்ஸ் என்ற செயற்கைக்கோள் இருபது வருஷம் பூமியைச் சுற்றியது. ஏராளமான நுண்வெடிப்புகளைப் பார்த்தது. அதனாலும் இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் எளிது. அது ஒற்றை ஆள்.

செங்கோட்டை பாசஞ்சரில் ஒரு சாரல்

இதை என் அக்கா மகள் அவள் அப்பாவுக்கு விளக்கிய விதத்தை அப்படியே சொல்கிறேன்.

“அப்பா, நீங்க திருநெல்வேலியிலேருந்து செங்கோட்டை பாசஞ்சர்ல வாரீங்க. சேரன்மகாதேவியில வெயில். வீரவநல்லூர் தாண்டினதும் ஜன்னல்ல சாரல் அடிக்கு. கல்லிடைக்குறிச்சி வரும்போது நின்னுட்டு. இப்ப சொல்லுங்க, மழை நின்னுட்டா? இல்ல, மழை அங்கனயே பெய்யுது, நீங்கதான் தாண்டி வந்துட்டீங்களா?”

அத்தான் யோசித்தார். “எப்படிச் சொல்ல முடியும்? ரயில்ல இருந்தா தெரியாது.”

“கடைசிப் பெட்டியில மாமா இருந்தா?”

“போன் போட்டுக் கேக்கலாம். அவனுக்கும் அதே நேரத்துல சாரல் அடிச்சா மழை பெருசு. அவன் அந்த இடத்துக்கு வரும்போதும் அடிச்சா, மழை அங்கனயே நிக்கி.” சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். “அதான் ரெண்டு விடுதானா?”

அதேதான். தாழ்வான பாதையில் ஓடும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு நொடிக்குள் எலெக்ட்ரான் சாரல் அடித்து ஓய்ந்தால், சாரல் ஓய்ந்ததா, தான் தாண்டிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு போனால் தெரியும். பெரிய செயற்கைக்கோளை இரண்டாகச் செய்வது கட்டுப்படியாகாத காரியம். இங்கேதான் சின்னவை உள்ளே வருகின்றன.

பத்து சென்டிமீட்டர் நீள, அகல, உயரம் கொண்ட கியூப்சாட் என்ற பெட்டியின் அளவு 1999-ல் இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் மாணவர்களுக்காக வகுத்தது. அந்த அளவை வைத்து மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஃபயர்பேர்ட் என்ற ஜோடியைச் செய்தன. இரண்டாம் ஜோடி 2015 ஜனவரி 31 அன்று, வேறொரு பெரிய செயற்கைக்கோளின் ராக்கெட்டில் தொற்றிக்கொண்டு போனது. எக்ஸ்ப்ளோரர் போன அதே தேதி. 57 வருஷம் கழித்து. ஒவ்வொன்றும் ஒரு சின்ன டிபன் கேரியர் அளவுதான்.

அதற்கு ஏழு மாதம் முன்பே, 2014 ஜூனில், ஏரோகியூப்-6 என்ற ஜோடி போயிருந்தது. அவை இன்னும் சின்னவை. ஒவ்வொன்றும் கியூப்சாட்டில் பாதி. அவற்றில் எரிபொருள் கிடையாது. பிறகு இரண்டுக்கும் நடுவே இடைவெளியை எப்படிக் கூட்டிக் குறைப்பது? எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டுகிறவன் குனிந்தால் வேகம் கூடும், நிமிர்ந்தால் குறையும் இல்லையா? அந்த உயரத்திலும் மிச்சம் மீதி காற்று இருக்கிறது. சிறகை ஒன்று ஒருபக்கம் திருப்பும், மற்றது வேறுபக்கம் திருப்பும். அந்தச் சின்ன வித்தியாசத்தில் சில நூறு மீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை இடைவெளியை மாற்றிக்கொண்டார்கள். கிடைத்த பதில், நுண்வெடிப்புகள் பெரும்பாலும் சில பத்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது மாவட்டம் இல்லை. நம்ம ஊர்ச் சாரல்தான்.

ஃபயர்பேர்டு இன்னொன்றும் செய்தது. 2016 ஜனவரி 20 அன்று மேலே வான் ஆலன் ஆய்வுக்கலம் ஒன்று கோரஸ் அலையைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதே காந்தக் கோட்டின் கீழ்முனை அருகே ஃபயர்பேர்டு ஒன்று நுண்வெடிப்பைப் பதிவு செய்தது. மேலே பறவைக் கூச்சல், கீழே சாரல். இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருஷமாகச் சொல்லிவந்ததற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது. பல கோடி டாலர் பெரிய கலமும், கையில் தூக்கிப் போகக்கூடிய டிபன் கேரியரும் சேர்ந்து சொன்ன சாட்சி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வழக்கு நின்றிருக்காது.

2018 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து எல்ஃபின் என்ற ஜோடி போனது. நான்கு வருஷம் உழைத்தது. அதைக் கட்டி, சோதித்து, இயக்கியதில் 250-க்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்களுக்குப் பங்கு உண்டு. “மாமா, அவங்களும் பி.எஸ்சி.தான்” என்று அவள் அந்த இடத்தில் ஒரு போடு போட்டாள்.

கெட்டுப்போனால்?

அக்கா அதுவரை பேசவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “அத்தன சின்னதுல ஏதாச்சும் கெட்டுப்போனா, எல்லாருக்கும் பாடுபட்டது வீண்தானே?”

செயற்கைக்கோளைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

கெட்டுப்போவது உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சிறிய ராக்கெட்டில், இந்தியா முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் இருந்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. ராக்கெட் அதைத் தவறான பாதையில் விட்டது. செயற்கைக்கோள் பயன்படாமல் போயிற்று. ஆறே மாதம். 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சரியான பாதையில் போய்ச் சேர்ந்தது.

பிறகு எங்களுக்குத் தெரியவந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2023 ஏப்ரலில் சிர்பி என்ற கியூப்சாட்டை அனுப்பியது. கதிர்வீச்சுப் பட்டையை அளப்பதுதான் அதன் வேலை. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2024 ஏப்ரலில், அது பேச்சை நிறுத்திவிட்டது. ஹான்லேயில் வானம் சிவந்த அந்த மே மாதப் புயல் அடித்தபோது அது ஊமையாகக் கிடந்தது. முடிந்தது என்று நினைத்திருந்த நேரத்தில், ஜூன் 15 அன்று தானாகவே கண் விழித்தது. விழித்ததும் அது அனுப்பிய அளவுகளில் ஓர் அதிசயம். இரண்டு பட்டைகளுக்கும் நடுவே, புயலுக்கு முன் இல்லாத இரண்டு புதிய தற்காலிகப் பட்டைகள்! அதில் ஒன்றில் புரோட்டான்களும் சேர்ந்திருந்தன. அந்த அக்டோபரில் அது காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது. கடைசி நாலு மாதத்தில் சொன்ன சேதிதான் 2025 பிப்ரவரியில் ஆய்விதழில் வந்தது.

பிறப்பது இங்கே, விழுவது அங்கே

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. இந்த எலெக்ட்ரான் சாரல் அம்பாசமுத்திரத்தில் அடிக்காது. துருவத்துக்குப் பக்கத்தில், ஒளிவண்ணம் ஆடும் நாடுகளில்தான் அடிக்கும். நம் ஊரில் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு எதுவும் கீழே இறங்க முடியாது. அப்புறம் இங்கே இருந்துகொண்டு இதைப் படித்து என்ன?

“மாமா, தாமிரபரணி எங்க பிறக்குது?”

“பொதிகையில.”

“எங்க விழுது?”

“புன்னைக்காயல்ல, கடல்ல.”

“அதே மாதிரிதான். அந்த அலை முக்கியமாப் பிறக்கது காந்த நடுக்கோட்டுக்கு நேர் மேல இருக்க வெளியில. நம்ம அந்தக் கோட்டுக்குக் கிட்டத்துலதான் இருக்கோம். பிறக்கது நமக்கு மேல, விழுறது துருவத்துல.”

நான் வாயை மூடிக்கொண்டேன்.

காந்த நடுக்கோடு பக்கத்தில் போகிறது என்பதற்காகத்தான் மலைக்கு அந்தப் பக்கம் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட்டை ஏவினார்கள். அதே காரணத்துக்காகத்தான் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில், நாமெல்லாம் சிற்பம் பார்க்கப் போகும் ஊரில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1992-ல் அமைத்த ரேடார் எழுபது, எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளக்கிறது. காந்தமானிகள் ஊசியின் அசைவைப் பதிவு செய்கின்றன.

சின்னச் செயற்கைக்கோளும் நமக்குப் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-ல் போனது. கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலில் இருக்கும் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ செயற்கைக்கோள் 2017-ல் போனது. 2022 பிப்ரவரி 14 அன்று போன, சுமார் எட்டு கிலோ எடையுள்ள இன்ஸ்பயர்சாட்-1-ஐத் திருவனந்தபுரம் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் அமெரிக்க, சிங்கப்பூர், தைவான் மாணவர்களோடு சேர்ந்து செய்தார்கள். அது சூரியனின் எக்ஸ் கதிரையும் பூமியின் அயனிமண்டலத்தையும் பார்க்கப் போனது. எலெக்ட்ரான் நுண்வெடிப்பைத் தேடிப்போன ஜோடிகள் நான் மேலே சொன்ன அமெரிக்கர்களுடையவை. நம் பிள்ளைகளுக்கும் இடம் காலியாக இருக்கிறது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அத்தானின் நிபந்தனை

எல்லாம் கேட்ட பிறகும் அத்தானின் கேள்வி மாறவில்லை. “படிச்சு முடிச்சா வேலை இருக்கா?”

நான் பூசி மெழுகவில்லை. பி.எஸ்சி.க்குப் பிறகு எம்.எஸ்சி., அதற்குப் பிறகு ஆராய்ச்சி என்று போக வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் செலவு குறையும். ஏழெட்டு வருஷம் ஆகும். கடைசியில் இஸ்ரோவோ ஆய்வகமோ கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இப்போது யாரும் எழுதிக் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ராத்திரி வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலையில் காப்பி குடிக்கும்போது சொன்னார். “பிசிக்ஸே சேரட்டும். ஆனா எம்.எஸ்சி. முடிக்கும்போது ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கலேன்னா பி.எட். பண்ணிரணும். டீச்சர் வேலைக்காவது ஆகும்.” அவள் சரி என்றாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சந்தோஷமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

இப்போது தினமும் காலை பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போய்வருகிறாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கிறாள். கூடப் படித்த பிள்ளைகள் சென்னையில் கம்ப்யூட்டர் படிக்கும் படங்களை ஸ்டேட்டஸில் போடும்போது அக்கா முகம் கொஞ்சம் வாடும். அதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது.

போன லீவில் அவள் பின்கட்டு அறையில் ஒரு கருவி செய்தாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பட்டு நூலில் தொங்கும் காந்தத் துண்டு, அதில் ஒட்டிய சின்னக் கண்ணாடிச் சில்லு. ஒரு லேசர் வெளிச்சம் அதில் பட்டு எதிர்ச்சுவரில் புள்ளியாக விழும். சுவரில் கோடு போட்ட தாள். மணிக்கு ஒரு தரம் புள்ளி எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறிக்கிறாள். ஒரு நாளில் சில மில்லிமீட்டர்தான் நகரும். பிரவுன் மலை உச்சியில் பார்த்தாரே, அந்த ஊசியின் ஏழைத் தங்கை.

முதல் வாரம் புள்ளி தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எகிறிக் குதித்தது. சூரியப் புயலோ என்று அவள் பரபரத்தாள். பார்த்தால், அத்தான் கடையிலிருந்து வந்து பின்சுவரை ஒட்டி டி.வி.எஸ். ஃபிஃப்டியை நிறுத்தும் நேரம் அது. இரும்பு பக்கத்தில் வந்தால் காந்தம் சும்மா இருக்குமா? பம்பாய் கொலாபாவில் 1841 முதல் காந்த அளவீடு நடந்த ஆய்வகத்துக்கும் இதே பாடுதான். ஊருக்குள் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் 1904-ல் அளவீட்டை அலிபாகுக்கு மாற்றிவிட்டார்கள். இதை அவள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்பா வண்டியை மாற்றி நிறுத்த வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் நான் அங்கே இருந்தேன். எட்டு மணிக்குத் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது, நின்றது. அத்தான் வண்டியை எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்திப் பூட்டிவிட்டு, அப்பளக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். வந்தவர் கட்டை இறக்கிவைத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார்.

“இப்ப பாரு. ஆடுதா?”

“இல்லப்பா.”

“நோட்டுல எழுது” என்றார்.